வங்கிக் கூற்று கணக்கு மென்பொருளுக்குள் ஏறவில்லையா? அறிகுறியைப் பார்த்துச் சரிசெய்யும் வழி

நெல் விற்ற காசு, சம்பளம், வெளிநாட்டில் இருக்கிற பிள்ளைகள் அனுப்புகிற காசு, டிராக்டர் லீசிங் கட்டணம் என்று எல்லாமே இப்போது வங்கிக் கணக்கு வழியாகத்தான் போய் வருகின்றன. மாதம் ஒருமுறை வங்கிக் கூற்றை (ஸ்டேட்மென்டை) கணினியில் உள்ள கணக்கு மென்பொருளுக்குள் ஏற்றிவிட்டால் கொப்பியில் எழுதுகிற வேலை மிச்சம். ஆனால் அந்த ஏற்றுகிற இடத்தில்தான் பலர் களைத்துப்போய் விட்டுவிடுகிறார்கள். கிளிநொச்சியிலும் மாங்குளம், மல்லாவிப் பக்கத்திலும் ஆசிரியர்களுக்கும் கடைக்காரருக்கும் மாதர் சங்கங்களுக்கும் இதைத் திரும்பத் திரும்பச் சரிசெய்து கொடுத்து வருகிறேன். வருகிற பிழைகள் பெரும்பாலும் அதே பிழைகள்தான். உங்கள் திரையில் என்ன தெரிகிறதோ அந்தத் தலைப்புக்கு நேரே போங்கள்.

எடுத்துக்காட்டுகளை க்னூகாஷ் என்ற மென்பொருளை வைத்துச் சொல்கிறேன். அது இலவசம், விண்டோஸிலும் லினக்ஸிலும் ஓடும். வேறு மென்பொருள் வைத்திருப்பவர்களுக்கும் சோதனைகள் இதே சோதனைகள்தான், பொத்தான்களின் பெயர்தான் மாறும்.

## தொடங்க முதல்

வங்கியில் இருந்து இறக்கிய பைலைத் தொடாமல் ஓர் இடத்தில் வைத்துவிட்டு, அதன் பிரதியில் மட்டும் வேலை செய்யுங்கள். மென்பொருளின் கணக்குப் பைலையும் பிரதி எடுத்து, பெயரில் திகதியைப் போட்டு வையுங்கள். பிறகு ஒரு மாதத்தை மட்டும் ஏற்றிப் பாருங்கள். ஒரு வருடத்தை ஒரேயடியாக ஏற்றினால், பிழை எந்த மாதத்தில் என்று தேடுவதே பெரிய வேலையாகிவிடும். பிரதி கையில் இருந்தால் கீழே உள்ள எதையும் பயமில்லாமல் செய்து பார்க்கலாம். பிரதி இல்லையென்றால் ஒன்றையும் செய்ய வேண்டாம்.

## அறிகுறி 1: வங்கி பிடிஎஃப் மட்டும்தான் தருகிறது

போனில் பார்க்கிறீர்களா? முதலில் பார்க்க வேண்டியது இதுதான். போன் செயலியில் பிடிஎஃப் மட்டும் காட்டுகிற வங்கி, கணினியில் பிரவுசர் வழியாக ஒன்லைன் பேங்கிங்குக்குள் போனால் சிஎஸ்வி (அட்டவணையை வெறும் எழுத்தாக, நிரல்களை ஒரு குறியால் பிரித்து வைக்கிற பைல்) அல்லது எக்செல் பைலும் தரக்கூடும். கணக்கு விபரம் என்ற பக்கத்தில், திகதி தெரிவு செய்கிற இடத்துக்குப் பக்கத்தில் தேடுங்கள். நீண்ட காலத்துக்குக் கேட்டால் வெறுமையாக வருவதும் உண்டு, ஒரு மாதம் ஒரு மாதமாகக் கேளுங்கள்.

பிடிஎஃப் திறக்க மறுக்கிறதா? கடவுச்சொல் எப்படி அமைந்தது என்று கூற்று வந்த மின்னஞ்சலிலேயே எழுதியிருக்கும். அடையாள அட்டை இலக்கம்தான் கடவுச்சொல் என்றால், பன்னிரண்டு இலக்கப் புதிய அட்டை எடுத்தவர்கள் பழைய ஒன்பது இலக்கத்தையும் கடைசி எழுத்தோடு போட்டுப் பாருங்கள். கணக்குத் திறந்த காலத்தில் கொடுத்த இலக்கமே வங்கியிடம் இன்னும் இருக்கலாம். கடைசி எழுத்தைப் பெரிய எழுத்தாகவும் சிறிய எழுத்தாகவும் மாற்றிப் பாருங்கள்.

பிடிஎஃப் திறக்கிறது, ஆனால் அட்டவணையாக எடுக்க முடியவில்லையா? மவுஸால் ஒரு வரியை இழுத்துப் பாருங்கள். எழுத்துகள் நீலமாகத் தெரிவாகினால் டபுலா என்ற இலவச மென்பொருள் அந்த அட்டவணையை சிஎஸ்வியாக எடுத்துத் தரும். அது உங்கள் கணினியிலேயே ஓடுவதால் பைல் வெளியே போகாது. எழுத்துகள் தெரிவாகாமல் பக்கம் முழுவதும் படமாக நின்றால் அது ஸ்கேன் செய்த தாள். அதற்கு டபுலா உதவாது, கையால் தட்டச்சுச் செய்யுங்கள். சேமிப்புப் புத்தகம் மட்டும் வைத்திருப்பவர்களுக்கும் வழி அதுதான். மாதத்துக்குப் பத்துப் பதினைந்து வரி என்றால் அது பெரிய வேலையல்ல.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். பிடிஎஃபை இலவசமாக எக்செல் ஆக்கித் தருகிறோம் என்று சொல்கிற இணையத்தளங்களில் வங்கிக் கூற்றை ஏற்றாதீர்கள். உங்கள் பெயர், முகவரி, கணக்கு இலக்கம், யார் யாருக்குக் காசு போனது என்ற விபரம் எல்லாம் அந்த ஒரு பைலில் இருக்கிறது.

எப்போது வங்கிக்குப் போவது: ஒன்லைன் வசதி இன்னும் எடுக்கவில்லை என்றால், அல்லது பழைய வருடக் கூற்று தேவை என்றால் கிளைக்குப் போங்கள். அச்சிட்ட கூற்றுக்குக் கட்டணம் இருக்கலாம் என்பதால், மின்னஞ்சலுக்கு அனுப்ப முடியுமா என்று முதலில் கேளுங்கள்.

## அறிகுறி 2: பைல் திறக்கிறது, ஆனால் ஒரே குழப்பம்

எல்லாம் ஒரே நிரலில் கிடக்கிறது. நோட்பேடில் பைலைத் திறந்து, தகவல்களுக்கு இடையில் என்ன குறி இருக்கிறது என்று பாருங்கள். காற்புள்ளியா, அரைப்புள்ளியா, டாப் இடைவெளியா? க்னூகாஷில் ஏற்றுகிற பக்கத்தில் அதே குறியைத் தெரிவு செய்தால் நிரல்கள் பிரிந்து நிற்கும்.

மேலே வங்கியின் பெயர், கணக்கு இலக்கம், முகவரி. அவை கொடுக்கல்வாங்கல் அல்ல. 'லீடிங் லைன்ஸ் டு ஸ்கிப்' என்ற இடத்தில் எத்தனை வரியைத் தாண்ட வேண்டும் என்று கொடுங்கள். அடியில் 'டோட்டல்' என்ற வரி இருந்தால் 'ட்ரெய்லிங் லைன்ஸ்' என்ற இடத்தில் அதையும் தள்ளுங்கள். தள்ளாவிட்டால் மாதத்தின் மொத்தத் தொகையே ஒரு வைப்பாக ஏறிவிடும்.

எக்செல் திறக்கும்போது 'பைலின் வகையும் பெயரும் பொருந்தவில்லை' என்கிறது. பெயர் எக்செல் பைலாக இருந்தாலும் உள்ளே இருப்பது வலைப்பக்கம். வங்கித் தளங்கள் சிலவற்றில் இப்படித்தான் வரும். திறந்து, சிஎஸ்வி யூடிஎஃப் எட்டு (தமிழ் எழுத்தும் கெடாமல் நிற்கிற குறியீடு) என்ற வகையில் மறுபடி சேமியுங்கள். சேமிக்க முதல் அறிகுறி 3 ஐ வாசித்துவிடுங்கள்.

தமிழில் எழுதியது கட்டம் கட்டமாக அல்லது ஆங்கில எழுத்தாக வருகிறது. கட்டமாகவோ கேள்விக்குறியாகவோ வந்தால், ஏற்றும் பக்கத்தில் எழுத்துக்குறியீட்டை யூடிஎஃப் எட்டுக்கு மாற்றுங்கள். ஆங்கில எழுத்துக் குவியலாக வந்தால் அது பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் தட்டியது. நம்முடைய சங்கங்களில் இது அடிக்கடி நடக்கும். செயலாளர் வங்கிப் பைலில் ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் பாமினி எழுத்துருவில் குறிப்பு எழுதி வைப்பார், எக்செலில் அழகாகத் தெரியும், சிஎஸ்வி ஆனதும் எழுத்துரு போய்விடும். இன்னொரு சிக்கலும் உண்டு. பாமினியில் 'இ' என்ற எழுத்து இருப்பது காற்புள்ளியின் இடத்தில், மெய்யெழுத்தின் மேல் வருகிற புள்ளி இருப்பது அரைப்புள்ளியின் இடத்தில். அந்தக் குறிப்பை நோட்பேடில் நேரே சிஎஸ்விக்குள் ஒட்டினால் 'இரணைமடு' என்ற சொல்லின் முதல் எழுத்திலேயே நிரல் உடைந்து, தொகை பக்கத்து நிரலுக்குத் தள்ளுப்படும். குறிப்புகளை யூனிகோடுக்கு மாற்றிவிட்டு ஏற்றுங்கள். பாமினியை யூனிகோடாக்குகிற எழுத்துமாற்றியை இணையத்தில் பயன்படுத்தலாம், ஆனால் குறிப்பு நிரலை மட்டும் ஒட்டுங்கள், தொகையும் கணக்கு இலக்கமும் அங்கே போக வேண்டாம்.

## அறிகுறி 3: திகதிகள் மாறி விழுகின்றன

இதைத்தான் நான் அதிகம் சரிசெய்கிறேன். ஏற்றின அன்று ஒன்றும் தெரியாது, மாதங்கள் கழித்துத்தான் வெளிக்கும். அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

நம்முடைய வங்கிகளில் 03/07/2025 என்றால் ஜூலை 3. கணினியின் பிராந்திய அமைப்பு அமெரிக்காவில் நின்றால் எக்செல் அதை மார்ச் 7 என்று எடுத்துக்கொள்ளும். 12 வரைக்கும் உள்ள நாட்கள் சத்தமில்லாமல் மாறிவிடும். 13 இல் இருந்து மாறாது, ஏனென்றால் பதின்மூன்றாம் மாதம் இல்லை. அதனால் ஒரே பைலில் பாதித் திகதி சரி, பாதித் திகதி பிழை. கமக்காரர் ஒருவருக்கு ஜூலை 3 இல் விழுந்த நெல் காசு மார்ச்சில் போய் நின்றால், சிறுபோக வரவு காலபோக வரவோடு கலந்துவிடும். பிறகு எந்தப் போகத்தில் என்ன மிஞ்சியது என்று எப்படிச் சொல்வது?

சோதனை: எக்செலில் திகதி நிரலை அகலமாக்கிப் பாருங்கள். சில திகதிகள் கட்டத்தின் வலது பக்கமும் சில இடது பக்கமும் ஒட்டி நின்றால் நடந்தது இதுதான். வலது பக்கம் நிற்பதை எக்செல் திகதியாக எடுத்திருக்கிறது, இடது பக்கம் நிற்பது வெறும் எழுத்து.

முதல் வழி, செலவில்லாதது: எக்செலைத் தொடவே வேண்டாம். இறக்கிய சிஎஸ்வியை நேரே க்னூகாஷுக்குக் கொடுத்து, திகதி வடிவத்தை நாள்-மாதம்-வருடம் என்று தெரிவு செய்யுங்கள். பைலுக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்க நோட்பேட் போதும், அது எதையும் மாற்றாது.

இரண்டாவது: விரிதாளில் திருத்தித்தான் ஆக வேண்டும் என்றால் லிப்ரேஆபிஸ் என்ற இலவச மென்பொருளில் திறவுங்கள். திறக்கும்போது வருகிற பெட்டியில் திகதி நிரலின் தலையைக் கிளிக் செய்து, அதன் வகையை நாள்-மாதம்-வருடம் என்று கொடுக்கலாம். எக்செல்தான் இருக்கிறது என்றால் பைலை இரட்டைக் கிளிக் செய்யாமல், 'டேட்டா' பகுதியில் 'ஃப்ரம் டெக்ஸ்ட்' வழியாகக் கொண்டுவந்து, வகையைத் தானாகக் கண்டுபிடிக்க வேண்டாம் என்ற தெரிவைக் கொடுங்கள்.

மூன்றாவது: விண்டோஸின் பிராந்திய அமைப்பை இலங்கைக்கு மாற்றுங்கள். நெட் கபேயில் அல்லது அலுவலகத்தில் பலர் பாவிக்கிற கணினி என்றால் பொறுப்பானவரிடம் கேட்டுவிட்டு மாற்றுங்கள்.

எக்செல் ஏற்கனவே திகதியை மாற்றிச் சேமித்துவிட்டது என்றால் அந்தப் பைலை ஒவ்வொரு வரியாகத் திருத்திக்கொண்டு இருக்காதீர்கள். வங்கியில் இருந்து புதிதாக இறக்குங்கள். மென்பொருளுக்குள்ளும் ஏறிவிட்டது என்றால் தொடங்க முதல் எடுத்த பிரதிக்குத் திரும்பிப் போங்கள்.

இன்னொன்று. கூற்றில் இரண்டு திகதி நிரல் இருக்கலாம், கொடுக்கல்வாங்கல் நடந்த நாள் ஒன்று, வங்கி கணக்கில் எடுத்த நாள் இன்னொன்று. எதை எடுத்தாலும் சரி, ஆனால் ஒவ்வொரு மாதமும் அதையே எடுங்கள்.

## அறிகுறி 4: தொகை ஏறவில்லை, அல்லது தலைகீழாக ஏறுகிறது

தொகை பூச்சியம், அல்லது 'வாசிக்க முடியவில்லை'. தொகையோடு ரூபாக் குறியோ, பின்னால் 'சிஆர்' (உள்ளே வந்தது), 'டிஆர்' (வெளியே போனது) என்ற எழுத்தோ ஒட்டிக்கொண்டு இருக்கும். சில வேளை கண்ணுக்குத் தெரியாத இடைவெளியும் இருக்கும். விரிதாளில் அந்த நிரலைக் கூட்டிப் பாருங்கள். கூட்டுத்தொகை 0 வந்தால் உள்ளே இருப்பது இலக்கமல்ல, எழுத்து. தேடி மாற்றுகிற வசதியால் அவற்றை நீக்குங்கள். 'டிஆர்' இருந்த தொகைகளுக்குக் கழித்தல் குறி போட வேண்டும் என்பதை மறக்க வேண்டாம்.

வைப்பு எல்லாம் செலவாகவும் செலவு எல்லாம் வைப்பாகவும் நிற்கிறது. க்னூகாஷின் புதிய பதிப்பில் காசு உள்ளே வந்த நிரலுக்கு 'அமவுண்ட்', வெளியே போன நிரலுக்கு 'அமவுண்ட் நெகேட்டட்'. பழைய பதிப்பில் 'டெபாசிட்', 'வித்ட்ரோவல்'. க.பொ.த. உயர்தரத்தில் கணக்கீடு படித்தவர்கள்தான் இதில் அதிகம் தடுமாறுகிறார்கள். கூற்று வங்கியின் பக்கத்தில் இருந்து எழுதப்பட்டது, அதனால் அவர்கள் படித்த வரவும் (டெபிட்) செலவும் (கிரெடிட்) அங்கே இடம் மாறி நிற்கும். அதை யோசிக்கவே வேண்டாம். மீதி கூடினால் காசு உள்ளே, மீதி குறைந்தால் காசு வெளியே. ஒரு வரியை எடுத்து மீதி நிரலோடு ஒப்பிட்டால் முடிந்தது. வெளியே போன நிரலில் வங்கியே கழித்தல் குறி போட்டிருந்தால் பிரதியில் அதை நீக்கிவிடுங்கள், இல்லாவிட்டால் இரண்டு கழித்தல் சேர்ந்து கூட்டலாகிவிடும்.

கணக்கு இலக்கம் அல்லது தொடர்பு இலக்கம் ஆங்கில 'ஈ' எழுத்தோடு சுருங்கி வருகிறது. நீளமான இலக்கத்தை எக்செல் சுருக்கிக் காட்டுகிறது. பதினைந்து இலக்கத்துக்கு மேல் போனால் மிச்சத்தைப் பூச்சியமாகவே மாற்றிவிடும், திரும்ப எடுக்க முடியாது. அந்த நிரலை எழுத்து வகையாகக் கொண்டுவாருங்கள்.

## அறிகுறி 5: ஒரே காசு இரண்டு தரம் பதிவாகிறது

திகதிகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறுகின்றன. போன தரம் 31 வரை ஏற்றிவிட்டு இந்தத் தரம் 25 இல் இருந்து இறக்கினீர்களா? க்னூகாஷ் தொகையையும் திகதியையும் பார்த்து ஏற்கனவே உள்ளதைக் கண்டுபிடிக்கப் பார்க்கும். ஆனால் சிஎஸ்வியில் ஒவ்வொரு கொடுக்கல்வாங்கலுக்கும் தனி அடையாளம் இல்லை. ஓஎஃப்எக்ஸ் என்ற வகைப் பைலில் அது உண்டு, உங்கள் வங்கி தந்தால் அதையே எடுங்கள். தராவிட்டால் போன தரம் முடிந்த திகதியை எழுதி வைத்து அடுத்த நாளில் இருந்து இறக்குங்கள்.

உங்கள் இரண்டு கணக்குகளுக்கு இடையில் மாற்றிய காசு. இலங்கை வங்கியில் விழுகிற சம்பளத்தில் 20,000 ரூபாவைத் தேசிய சேமிப்பு வங்கிக் கணக்குக்கு மாற்றுகிறீர்கள் என்று வைப்போம். முதற்கூற்றை ஏற்றும்போது அந்த வரியின் எதிர்க்கணக்காக (காசின் மறுபக்கத்தில் நிற்கிற கணக்காக) சேமிப்புக் கணக்கைக் கொடுத்தால் இரண்டு பக்கமும் அப்போதே எழுதப்பட்டுவிடும். இரண்டாவது கூற்றை ஏற்றும்போது அதே காசு மறுபடி வரும். பொருத்திப் பார்க்கிற திரையில் அந்த வரியில் ஆங்கில 'ஏ' என்ற பெட்டியில் சரி போட்டிருந்தால் அதை எடுத்துவிட்டு ஆங்கில 'சி' இல் போடுங்கள். 'ஏ' புதிதாகச் சேர்க்கும், 'சி' இருப்பதோடு பொருத்தும். அந்தத் திரையில் அவசரப்பட்டு ஓகே கொடுக்க வேண்டாம்.

கையால் எழுதியதும் பைலில் வந்ததும். சேமிப்பு வட்டி இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. வட்டிக்குப் பிடித்துவைத்தல் வரி 2023 ஜனவரியில் இருந்து 5 வீதம், 2025 ஏப்ரல் 1 இல் இருந்து 10 வீதம். 2,400 ரூபா வட்டி விழுந்தால் 240 ரூபா வரியாகப் போகும். நீங்கள் கையில் வந்த 2,160 என்று எழுதியிருப்பீர்கள், கூற்றில் 2,400 ஒரு வரி, 240 இன்னொரு வரி. மூன்றும் ஒன்றோடொன்று பொருந்தாததால் மூன்றும் கணக்கில் நிற்கும். கையால் எழுதியதை அழித்துவிட்டு வங்கியின் இரண்டு வரியையும் வையுங்கள். வருட முடிவில் வரி விபரம் கொடுக்க அந்த 240 தனியாக வேண்டும்.

## அறிகுறி 6: எல்லாம் ஏறிவிட்டது, கடைசி மீதி ஒத்துவரவில்லை

"அண்ணை, ஆயிரம் ரூபாதானே, விடுவம்" என்று சொல்வார்கள். விட வேண்டாம். ஆயிரம் ரூபா வித்தியாசம் என்பது 51,000 கூடி 50,000 குறைந்ததாகவும் இருக்கலாம். மீதி சதம் வரைக்கும் ஒத்து வந்தால்தான் அந்த மாதம் முடிந்தது.

முதலில் தொடக்க மீதி. முதல் மாதம் ஏற்றுகிறவர்களுக்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். வித்தியாசம் கூற்றின் தொடக்க மீதிக்குச் சமனா? அப்படியென்றால் அதை ஒரு பதிவாக எழுதிவிடுங்கள், வேலை முடிந்தது.

பிறகு வித்தியாசத்தையே வாசியுங்கள். மென்பொருளில் 112,480, கூற்றில் 111,230 என்று வைப்போம். வித்தியாசம் 1,250. கூற்றில் 1,250 ரூபா வெளியே போன வரி ஒன்று இருந்தால் அது ஏறாமல் விட்டிருக்கும். இல்லையென்றால் பாதியைத் தேடுங்கள்: 625 ரூபாச் செலவு ஒன்று வைப்பாக ஏறியிருந்தால் வித்தியாசம் சரியாக 1,250 வரும். கையால் தட்டியவர்கள் வித்தியாசத்தை ஒன்பதால் பிரித்துப் பாருங்கள். மிச்சமில்லாமல் பிரிந்தால் 540 ஐ 450 என்று தட்டியது போல இலக்கம் இடம் மாறியிருக்கக்கூடும்.

அதிலும் பிடிபடாவிட்டால் மாதத்தைப் பாதியாக வெட்டுங்கள். கூற்றின் மீதி நிரலையும் மென்பொருளின் மீதியையும் பக்கத்தில் வைத்து 15 ஆம் திகதியில் ஒப்பிடுங்கள். ஒத்திருந்தால் பிழை அதற்குப் பிறகு. 22 இல் பாருங்கள். ஒத்துவரவில்லையா? அப்படியானால் 16 க்கும் 22 க்கும் இடையில். இன்னொருமுறை வெட்டினால் நாலைந்து வரியில் வந்து நிற்பீர்கள். முழுக் கூற்றையும் மேலிருந்து கீழாகச் சரி போட்டுக்கொண்டு வருவதைவிட இது எவ்வளவோ விரைவு. ஒரே நாளில் பல வரி இருந்தால் அந்த நாளின் கடைசி மீதியை மட்டும் ஒப்பிடுங்கள், நடுவில் வரிசை மாறியிருக்கலாம்.

இந்தத் தேடலில் அடிக்கடி மாட்டுவது சின்னத் தொகைகள்தான்: சிஇஎஃப்டி வழியாக வேறு வங்கிக்கு அனுப்பியதற்கான கட்டணம், வேறு வங்கியின் ஏடிஎம்மில் எடுத்ததற்கான கட்டணம், குறுஞ்செய்திக் கட்டணம். கூற்றில் இவை தனி வரியாக வரும், கையால் எழுதுகிறவர்கள் இவற்றை விட்டுவிடுவார்கள். காசோலை எழுதிக் கொடுத்து அதை எடுத்தவர் இன்னும் வங்கியில் போடவில்லை என்றால் அது பிழையே அல்ல. மென்பொருளில் இருக்கட்டும், அடுத்த மாதம் பொருந்தும்.

## அறிகுறி 7: எல்லாம் 'இம்பாலன்ஸ்' கணக்கில் போய்க் குவிகிறது

எங்கே சேர்ப்பது என்று தெரியாத தொகைகளை க்னூகாஷ் போட்டு வைக்கிற இடம் 'இம்பாலன்ஸ்'. எதிர்க்கணக்கு கொடுக்கவில்லை, அவ்வளவுதான். ஏற்றும்போது ஒவ்வொரு வரிக்கும் உரம், கடைச் சாமான், மின்கட்டணம் என்று கணக்கைக் கொடுங்கள். விபரச் சொற்களைப் பார்த்து க்னூகாஷ் பழகிக்கொள்ளும், போகப் போக அதுவே போடும். ஆனால் எல்லா வரியிலும் 'சிஇஎஃப்டி ட்ரான்ஸ்ஃபர்' என்று மட்டும் இருந்தால் அதற்குப் பழக ஒன்றுமில்லை. காசு அனுப்புகிறவரிடம் குறிப்பு இடத்தில் ஒரு சொல் எழுதச் சொல்லுங்கள். நெல் வாங்குகிறவர் 'நெல்' என்று எழுதினாலே போதும்.

## அறிகுறி 8: மென்பொருள் பைலைத் திறக்க மறுக்கிறது

கரண்ட் போய் கணினி திடீரென்று நின்றிருந்தால் 'இந்தப் பைலை வேறொருவர் பாவிக்கிறார்' என்று வரும். உண்மையில் வேறு எங்கும் திறந்திருக்கவில்லை என்றால் 'ஓபன் எனிவே' கொடுக்கலாம். அப்படியும் திறக்காவிட்டால் அதே கோப்புறையில் திகதியும் நேரமும் பெயரில் உள்ள பைல்களைப் பாருங்கள். க்னூகாஷ் சேமிக்கும்போது தானே எடுத்து வைக்கிற பிரதிகள் அவை.

## எப்போது அடுத்தவரைக் கூப்பிட வேண்டும்

கூற்றில் உங்களுக்குத் தெரியாத ஒரு மீளப்பெறல் இருந்தால் மென்பொருளை மூடிவிட்டு உடனே வங்கிக்குப் போன் எடுங்கள், கார்டை நிறுத்தச் சொல்லுங்கள், அப்புறம் எழுத்தில் கொடுங்கள். கூற்றின் மீதி நிரலே உள்ளுக்குள் கூட்டிக் கழிக்க ஒத்துவராவிட்டாலும் அது வங்கியின் வேலை. வங்கி சரியான பதில் தராவிட்டால் மத்திய வங்கியின் நிதியியல் நுகர்வோர் உறவுகள் திணைக்களத்துக்கு 1935 இல் எடுக்கலாம். மத்திய வங்கியின் பிராந்திய அலுவலகம் ஒன்று கிளிநொச்சியிலும் இருக்கிறது.

சங்கக் கணக்கு என்றால், கணக்காய்வுக்குக் கொடுத்து முடிந்த மாதங்களை நீங்களாகத் திருத்த வேண்டாம். பழைய பிழை கண்ணில் பட்டால் கணக்காய்வாளரிடம் சொல்லி, இந்த மாதத்தில் ஒரு திருத்தப் பதிவாக எழுதுங்கள். தனிப்பட்ட கணக்கில், எல்லா வருமானமும் சேர்ந்து வருடத்துக்கு 1,800,000 ரூபாவைத் தாண்டும் போல இருந்தால், 2025 ஏப்ரலில் இருந்து வரிவிலக்கு எல்லை அதுதான், ஒரு கணக்காளரிடம் போங்கள். வரி வருடம் ஏப்ரல் 1 இல் தொடங்கி மார்ச் 31 இல் முடிவதால் அந்தப் பன்னிரண்டு மாதக் கூற்றுகளையும், மீதி ஒத்துவந்த கணக்குப் பைலின் பிரதியையும் கொண்டுபோங்கள். கூடவே வங்கியிடம் அந்த வருடத்துக்கான வட்டிச் சான்றிதழையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.